கடைசிப் பெட்டியின் பதில்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நாளில், புது தில்லி நிலையத்திற்குச் சற்று முன்னதாகவே சென்றுவிட்டால் ஒரு காட்சியைக் காணலாம். வண்டியின் முன்புறத்தில் இன்ஜின் இணைக்கப்பட்டிருக்கும். பின்கோடியில், கடைசிப் பெட்டியில், கார்டு ஒரு சிறிய அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒரு கைப்பிடியைத் திருப்புவார். 'புஸ்' என்னும் ஓசையுடன் காற்று வெளியேறும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இன்ஜினில் அமர்ந்திருக்கும் லோகோ பைலட்டின் முன்னுள்ள மானியில் முள் இறங்கும். அவர் அதனைக் கண்டு நிறைவடைந்த பின்னரே வண்டி புறப்படத் தகுதி பெறுகிறது. நடைமேடையில் தண்ணீர்ப் புட்டியும் பெட்டியும் தூக்கிக்கொண்டு விரைகின்ற நம்முள் பெரும்பாலோர் இதனைக் கவனிப்பதில்லை.

இச்சிறு சோதனையின் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. அவ்வனுபவத்தில் ஒரு பகுதி, உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது.

ரயிலை ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதே கடினம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்வதால் உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் இன்ஜின் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை எளிதாக இழுத்துச் செல்ல முடிகிறது. அதே காரணத்தால் வண்டி விரைவில் நிற்பதும் இல்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 30 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. பிரேக் பிடிப்பதில் மூன்று வினாடி தாமதம் நேர்ந்தால், வண்டி 90 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். முன்னால் ஒரு தடை இருந்தால் அந்த 90 மீட்டர் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

தொடக்கக் காலத்தில் இன்ஜின் ஓட்டுநர் ஊதல் ஒலி எழுப்புவார். பிரேக் ஊழியர்கள் ஒவ்வொரு பெட்டியாகச் சென்று கையால் சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக்கை இறுக்குவார்கள். அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் அவர்கள் ஓடும் பெட்டிகளின் கூரைமீது நடந்து செல்ல வேண்டியிருந்தது. மழையிலும் பனியிலும் தவறி விழுந்து மாண்டவர் பலர். இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்க இளைஞர். ஆல்ப்ஸ் மலையில் மான் செனி சுரங்கப் பாதையைக் குடைவதற்கு அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் ஓர் இதழில் படித்தார். அத்தனை தொலைவு குழாய்வழியே சென்று பாறையைத் துளைக்கும் காற்றினால், ரயில் சக்கரத்தை இறுக்க முடியாதா என்று சிந்தித்தார். 1869ஆம் ஆண்டில், தம் 22ஆம் வயதில், காற்று பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்த முதல் அமைப்பு மிக எளியது. இன்ஜினில் அழுத்தக் காற்று நிறைந்த கலன் ஒன்று இருக்கும். ஓட்டுநர் வால்வைத் திறந்தால் காற்று குழாய்வழியே எல்லாப் பெட்டிகளுக்கும் சென்று பிரேக்கை இறுக்கும். ஆயினும் இதில் பெருங்குறை ஒன்றிருந்தது. குழாய் எங்கேனும் அறுந்தால் காற்று வெளியே போய்விடும், பிரேக் பிடிக்காது. குழாய் அறுந்திருப்பதும், தேவை ஏற்பட்டுப் பிரேக்கை இயக்கும்போதுதான் தெரியவரும்.

1872இல் வெஸ்டிங்ஹவுஸ் இந்த அமைப்பைத் தலைகீழாகப் புரட்டினார். எப்படி என்பதை விளக்கக் கோயில் தேரோட்டத்தைத் துணைக்கு அழைக்கலாம். திருவாரூரிலோ திருவில்லிபுத்தூரிலோ தேர் வரும்போது, சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை இடுவோர் அருகிலேயே நடந்து வருவர். தேரை நிறுத்தவேண்டும்போது ஒருவர் உரக்கக் குரல் கொடுக்கிறார், உடனே அவர்கள் கட்டையை இடுகிறார்கள் என்று கொள்வோம். குரல் கொடுப்பவர் மயங்கி விழுந்தால் தேர் நிற்காது. இதுவே 1869ஆம் ஆண்டின் பிரேக். இனி, விதியை மாற்றுவோம்: பறை ஒலிக்கும் வரையில் மட்டுமே தேர் ஓடலாம், ஒலி நின்றால், எக்காரணத்தால் நின்றாலும், கட்டையை இட்டுவிட வேண்டும். பறையடிப்பவர் வேண்டுமென்றே நிறுத்தினாலும் சரி, மயங்கி விழுந்தாலும் சரி, பறையின் தோல் கிழிந்தாலும் சரி, தேர் நின்றுவிடும். இதுவே 1872ஆம் ஆண்டின் தானியங்கி பிரேக்.

ரயிலில் பறையொலியின் இடத்தில் இருப்பது காற்றழுத்தம். இந்திய ரயில்களில் வண்டி நெடுகச் செல்லும் பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தத்தில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் துணைக்கலன் ஒன்று உண்டு. பிரேக்கை இயக்கத் தேவையான காற்று அதில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்னொரு சிறிய கலன், வண்டி புறப்படும் முன் இருந்த 5 கிலோகிராம் அழுத்தத்தை 'நினைவில்' வைத்திருக்கும். இவற்றிற்கிடையே டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு என்னும் கருவி அமர்ந்திருக்கிறது. குழாயின் அழுத்தம் நினைவிலுள்ள அழுத்தத்தைவிடக் குறைந்தால், அது துணைக்கலனின் காற்றைப் பிரேக் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. குழாயின் அழுத்தம் மீண்டும் ஏறினால், சிலிண்டரின் காற்றை வெளியேற்றிவிடுகிறது. வண்டி நின்று புறப்படுகையில் பெட்டிக்கடியில் கேட்கும் பெருமூச்சு அதுதான்.

லோகோ பைலட் குழாயின் அழுத்தத்தை 0.5 கிலோகிராம் குறைத்தால் பிரேக் மெல்லப் பிடிக்கும், 1.5 கிலோகிராம் குறைத்தால் முழுமையாகப் பிடிக்கும். முழுமையாகப் பிடிக்கும்போது சிலிண்டரில் 3.8 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 355 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பைக் கணக்கிட்டு அதனோடு பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 3,760 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை வரும். அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் இதே செயல்தான். சங்கிலி நேராகச் சக்கரத்தைப் பிடிப்பதில்லை; அது பிரேக் குழாயில் ஒரு துளையைத் திறக்கிறது, அவ்வளவே.

இத்தகைய தானியங்கி பிரேக் 1872லேயே உருவாகிவிட்டது. எனினும் செலவைக் கருதிப் பல ரயில் நிறுவனங்கள் அதனை ஏற்காமல் காலம் கடத்தின. அதன் விளைவை அயர்லாந்து கண்டது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிச் சிறுவர் சிறுமியரும் அவர்தம் பெற்றோரும் நிறைந்த சுற்றுலா வண்டி ஒன்று கடற்கரைக்குப் புறப்பட்டது. செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் மேலே கொண்டுசெல்ல ஊழியர்கள் முடிவுசெய்தார்கள். அவ்வண்டியில் இருந்தது தானியங்கி அல்லாத பிரேக். இன்ஜினோடு இணைந்திருந்தால்தான் அது பிடிக்கும். இன்ஜினிலிருந்து பிரித்த கணமே பத்துப் பெட்டிகளைப் பிடித்து நிறுத்த, கடைசிப் பெட்டியின் கை பிரேக்கையும் சக்கரங்களுக்கடியில் வைத்த கற்களையும் தவிர வேறொன்றும் இல்லாமற்போயிற்று. முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்னகர்ந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டிமீது மோதின. எண்பது பேர் இறந்தனர். அவர்களில் பலர் சிறுவர்கள். அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பயணிகள் வண்டிகளில் தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது. பதினேழு ஆண்டுகளாகக் கையில் இருந்த தீர்வு அது.

இந்தியாவில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது வெற்றிட பிரேக். அதுவும் தானியங்கி வகையே. குழாயில் காற்றை நிரப்புவதற்கு மாறாக, உறிஞ்சி எடுப்பார்கள். குழாய் அறுந்தால் வெளிக்காற்று உட்புகுந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதனை இயக்குவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. நடைமுறையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் விசைதான் கிடைக்கும். நீண்ட வண்டிகளுக்கும் மிகுந்த வேகத்திற்கும் அது போதவில்லை. ஆகவே சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்திய ரயில்வே படிப்படியாகக் காற்று பிரேக்கிற்கு மாறியது. நம் பயணிகள் வண்டிகளில் இரட்டைக் குழாய் முறை உள்ளது. பச்சை நிறம் பூசிய பிரேக் குழாய் செய்தியைச் சுமக்கிறது. வெள்ளை நிறம் பூசிய ஊட்டுக்குழாய் 6 கிலோகிராம் அழுத்தத்தில் துணைக்கலன்களை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. செய்தி சொல்பவரும் சோறு போடுபவரும் வேறு வேறு ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்துப் பலமுறை பிரேக் பிடித்தாலும் கலன்கள் வறண்டுபோகாமல் இருப்பதற்கு இந்தப் பிரிவினையே காரணம்.

குழாய் அறுந்தால் வண்டி நின்றுவிடும். எனவே ஆபத்தில்லை என்று நிம்மதி அடையலாமா? அறுபடுவதைவிட அடைபடுவது கொடியது. இதனை 1988ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பாரிஸ் நகரத்துக் கார் டி லியோன் நிலையத்தில் நடந்த விபத்து காட்டியது.

அன்று மாலை பாரிஸ் நோக்கி வந்த புறநகர் வண்டி, பயணி ஒருவர் இறங்க எண்ணிய நிலையத்தில் நிற்கவில்லை. கால அட்டவணை மாறியிருந்தது. அவர் அபாயக் கைப்பிடியை இழுத்தார். குழாயின் காற்று வெளியேறியது, பிரேக் பிடித்தது, வண்டி நின்றது. இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தன. ஓட்டுநர் இறங்கிச் சென்று கைப்பிடியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றார். அது எளிதில் நகரவில்லை. பலமாக இழுத்தபோது, முதற்பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே பிரேக் குழாயிலிருந்த அடைப்பானைத் தம்மையறியாமல் மூடிவிட்டார்.

அதன்பின் அவர் இன்ஜின் அறைக்குத் திரும்பிக் காற்றை நிரப்பினார். மானி சரியான அழுத்தத்தைக் காட்டியது. அது முதற்பெட்டியின் அழுத்தம் மட்டுமே என்பதை மானி எப்படிச் சொல்லும்? அடைப்பானுக்கு அப்பால் காற்று செல்லவில்லை; ஆதலால் பின்பெட்டிகளின் பிரேக் விடுபடவில்லை. காற்று எங்கோ சிக்கியிருக்கிறது என்று கருதிய ஓட்டுநர், ஒவ்வொரு பெட்டியாகச் சென்று சிலிண்டர்களின் காற்றைக் கையால் வெளியேற்றினார். சக்கரங்கள் விடுபட்டன. நேரம் மிகக் கடந்துவிட்டபடியால் வண்டி அடுத்த நிலையத்தில் நிற்காமல் செல்லட்டும் என்று உத்தரவு வந்தது. நின்றிருந்தால் அங்கேயே குறை வெளிப்பட்டிருக்கும். பாரிஸை நெருங்கும் இறக்கத்தில் பிரேக் கைப்பிடியைத் திருப்பியபோது முதற்பெட்டி மட்டுமே அதற்குச் செவிசாய்த்தது. மற்றப் பெட்டிகள் செய்தியும் பெறவில்லை. பெற்றிருந்தாலும் செயற்படக் காற்றும் இல்லை. நிலையத்தில் நின்றிருந்த வண்டியுடன் அது மோதியது. 56 பேர் உயிரிழந்தனர். நின்றிருந்த வண்டியின் ஓட்டுநரும் அவர்களுள் ஒருவர். பயணிகளை இறங்கி ஓடும்படி அறிவித்துக்கொண்டே தம் இருக்கையில் இருந்தவர் அவர்.

இவ்விபத்தில் எந்தக் கருவியும் பழுதடையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குழாய் உறுதியாக இருந்தது. வால்வுகள் செம்மையாக இயங்கின. தேரோட்ட உவமையில் சொன்னால், பின்னால் நிற்போரின் காதில் பறை கேட்காதபடி ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். அவர்கள் கையிலிருந்த கட்டைகளையும் வாங்கி வைத்துவிட்டார். தானே பாதுகாப்பை நோக்கிச் செல்லும்படி வடிவமைத்த அமைப்பைக்கூட இரண்டு கைத்தவறுகள் சேர்ந்தால் வெல்ல முடிகிறது.

நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது பலரும் வலிமையான உலோகத்தையும் உயர்ந்த கருவிகளையும் எண்ணுகிறார்கள். முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: கடைசிப் பெட்டி செய்தியைக் கேட்கிறதா? இன்ஜினிலுள்ள மானி இதற்குப் பதில் சொல்லாது. கடைசிப் பெட்டியே பதில் சொல்ல வேண்டும். கார்டு தம் பெட்டியில் காற்றைத் திறந்து, இன்ஜினில் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் செய்வது இதற்காகத்தான். நடுவில் எந்த அடைப்பான் மூடியிருந்தாலும் முள் அசையாது. இன்ஜின் மாற்றினாலும் பெட்டிகளைச் சேர்த்தாலும் பிரித்தாலும் இச்சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் கார்டு இல்லாத நீண்ட சரக்கு வண்டிகளின் கடைசியில் ஒரு வானொலிக் கருவியை மாட்டுகிறார்கள். அது வால்முனையின் அழுத்தத்தை இடைவிடாமல் இன்ஜினுக்கு அறிவிக்கிறது. ஆபத்து வேளையில் இன்ஜினிலிருந்து ஆணையிட்டால், பின்முனையிலேயே குழாயைத் திறந்தும் விடுகிறது.

அடுத்த பகைவர்கள் எளிய பொருள்கள்: நீர், தூசு, காலம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். பிறகு குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகத் திரளும். அந்நீர் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். துருத்துகள் வால்வின் நுண்ணிய துளைகளில் போய் அமரும். ஆகவே இன்ஜினிலேயே காற்றை உலர்த்தும் கருவி பொருத்தப்படுகிறது. பெட்டிகளில் தூசு சேகரிப்பான்கள் உள்ளன. காஷ்மீரின் குளிரில் நீர் உறைந்தும் விடும். கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ஓடும் வந்தே பாரத் வண்டியில் இதற்காகவே பிரேக் காற்று அமைப்பில் சூடேற்றும் வசதி செய்திருக்கிறார்கள். வால்வுகளுக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வுகளும் வளையங்களும் பார்ப்பதற்கு நன்றாயிருக்கும்போதே உள்ளுக்குள் இறுகிவிடும். கெட்ட பின் மாற்றுவது என்னும் வழக்கம் இங்கே உதவாது. குறித்த காலத்தில், நன்றாயிருந்தாலும், கழற்றிப் புதியது இடுகிறார்கள். நல்ல பொருளை எறிவதா என்று கேட்பது இல்லத்தில் சரி. பிரேக் வால்வில் அந்தச் சிக்கனம் கூடாது.

வேகமும் நம்பகத்தன்மையின் ஒரு கூறே. அழுத்தக் குறைவு என்னும் செய்தி குழாய்வழியே வினாடிக்கு ஏறத்தாழ 250 முதல் 300 மீட்டர் வரை பயணம் செய்கிறது. 700 மீட்டர் நீளமுள்ள சரக்கு வண்டியின் வாலை அது எட்டுவதற்குள் இரண்டரை வினாடிகள் ஆகிவிடலாம். முன்பெட்டிகள் நிற்க முயலும்போது பின்பெட்டிகள் தள்ளிக்கொண்டு வரும். அதனால் சரக்கு வண்டிகளின் சிலிண்டர் வேண்டுமென்றே மெதுவாக, 18 முதல் 30 வினாடிகளில் நிரம்புமாறு அமைக்கப்படுகிறது. பயணிகள் வண்டிகளில் 3 முதல் 5 வினாடிகள் போதும். இதனினும் விரைவு வேண்டுமெனில் செய்தியைக் காற்றிடம் கொடுக்கலாகாது. மின்சாரத்திடம் கொடுக்க வேண்டும். மும்பை, சென்னைப் புறநகர் மின்தொடர்களில் நெடுங்காலமாகவும், சென்னை பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்திலும் இவ்வகை மின்-காற்று பிரேக் உள்ளது. எல்லாப் பெட்டிகளும் ஒரே கணத்தில் செய்தி பெறுகின்றன. ஆயினும் பழைய காற்று வழியை எடுத்தெறிந்துவிடவில்லை. மின்செய்தி தவறினால் காற்றழுத்தம் தன் வேலையைச் செய்யும்.

பிரேக் பிடிக்காமற்போவது ஒரு குறை, விடாமற்போவதும் குறையே. பிரேக் சிக்கிக்கொண்ட சக்கரம் தேய்ந்து சூடேறிப் புகையும். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் சுழலாமல் வழுக்கினாலோ, உருண்டை வடிவம் கெட்டு ஒருபுறம் தட்டையாகிவிடும். அதன்பின் அது 'தட்தட்' என்று தண்டவாளத்தை அடித்துக்கொண்டே போகும். இன்றைய எல்.எச்.பி. பெட்டிகளில் ஒவ்வோர் அச்சின் சுழற்சியையும் ஓர் உணரி அளக்கிறது. ஓர் அச்சு மற்றவற்றைவிடத் திடீரென வேகம் குறைந்தால், அதன் சிலிண்டரிலிருந்து மட்டும் சிறிது காற்றை விடுவித்து, பிடி கிடைத்ததும் மீண்டும் செலுத்துகிறது.

காற்று பிரேக்கால் இயலாத செயல் ஒன்றும் உண்டு. ஆளில்லாமல் நிற்கும் வண்டியை அது நெடுநேரம் பிடித்து வைக்காது. கசிவு இல்லாத குழாய் உலகில் இல்லை. 2013 ஜூலை 5ஆம் நாள் இரவு, கனடாவில் கச்சா எண்ணெய் ஏற்றிய வண்டி ஒன்று சரிவில் நிறுத்தப்பட்டிருந்தது. இன்ஜினில் தீப்பிடிக்கவே, தீயணைப்பவர்கள் அதனை அணைத்துவிட்டார்கள். காற்றழுத்தியும் நின்றுபோயிற்று. இன்ஜின் பிரேக்கின் காற்று சிறிது சிறிதாகக் கசிந்து தீர்ந்தது. கையால் இறுக்கும் பிரேக்குகள் போதிய எண்ணிக்கையில் இறுக்கப்படவில்லை. வண்டி தானே உருண்டு சென்று லாக் மெகாண்டிக் என்னும் சிற்றூரின் நடுவே கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் மாண்டனர். வெஸ்டிங்ஹவுஸ் காலத்துக்கு முந்தைய அந்தக் கை பிரேக் இன்றும் பெட்டிகளில் இருப்பது பழமைப் பற்றினால் அன்று.

தில்லி நடைமேடைக்குத் திரும்புவோம். சோதனை முடிந்து, பச்சைக் கொடி அசைந்து, வண்டி சென்னை நோக்கிய சுமார் 2,180 கிலோமீட்டர் பயணத்தைத் தொடங்கிவிட்டது. நிலையம் கண்ணுக்கு மறைந்து சற்று நேரத்தில், எதிரே சிவப்பு விளக்கு ஏதுமில்லாதபோதும் வண்டி ஒருமுறை மெல்லத் தயங்கி, பின் மீண்டும் வேகம் கொள்வதை நீங்கள் உணரக்கூடும். வண்டியின் முழு எடையும் ஓடத் தொடங்கிய பிறகு, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை லோகோ பைலட் சிறு வேகத்திலேயே தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.